‘பியாசா’வின் கடைசியில் விஜய் ஏன் “நான் விஜய் இல்லை” என்கிறான்?

கேள்வி இது: 1957-ல் வந்த ‘பியாசா’ இந்திப் படத்தின் முடிவில், படம் முழுக்க அவமானப்பட்ட கவிஞன் விஜய்க்குப் புகழ் கைக்கு வந்துவிடுகிறது. அவன் வாயைத் திறந்தால் கேட்க ஒரு மண்டபமே காத்திருக்கிறது. அந்த மேடையை வைத்துக்கொண்டே அநியாயத்தை எதிர்த்திருக்கலாமே? “நீங்கள் தேடும் விஜய் நான் இல்லை” என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போவது கோழைத்தனம்தானே?

படம் வந்த காலத்திலிருந்தே இருக்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. அதற்கு முன்னால் ஒரு மணி நேரமாகத் திரைக்கதை ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ‘இந்த ஆள்தான் விஜய்’ என்று யார் சொல்கிறார்கள், எவ்வளவு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள் என்று ஒவ்வொருவராக நிறுத்திக் கணக்கெடுக்கிறது. கடைசியாகக் கூண்டில் ஏறுபவன் விஜய். அவன் ‘ஆமாம்’ என்று சொன்னால், அதுவரை சொல்லப்பட்ட பொய்சாட்சியெல்லாம் செல்லுபடியாகிவிடும். ‘இல்லை’ என்று அவன் சொல்வதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் விஜய் (படத்தை இயக்கிய குரு தத்) வேலையில்லாத கவிஞன். பத்திரிகைக்காரர் அவன் கவிதைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பசி, பஞ்சம் என்று எழுதாதே, பூவையும் புல்புல் பறவையையும் பற்றி எழுது என்று புத்தி சொல்கிறார். வீட்டில் அண்ணன்கள் அவனுடைய கவிதைக் கட்டைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவள் குலாபோ (வஹீதா ரஹ்மான்) என்ற பாலியல் தொழிலாளி. கல்லூரிக் காலத்தில் விஜயைக் காதலித்த மீனா (மாலா சின்ஹா) வசதியான வாழ்க்கைக்காகப் பதிப்பாளர் கோஷை (ரஹ்மான்) மணந்திருக்கிறாள். கோஷ் தன் மனைவிக்கும் இவனுக்கும் என்ன தொடர்பு என்று மோப்பம் பிடிப்பதற்காகவே விஜயை வேலைக்கு வைத்துக்கொள்கிறார். அம்மா இறந்து, குடித்து, நொறுங்கிப்போன ஓர் இரவில், குளிரில் நடுங்கும் பிச்சைக்காரனுக்கு விஜய் தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். ரயில் பாதையில் அந்தப் பிச்சைக்காரன் அடிபட்டுச் சாகிறான். கோட்டை வைத்து, செத்தது விஜய் என்று உலகம் முடிவுகட்டுகிறது.

சாட்சிக் கணக்கு இங்கிருந்து தொடங்குகிறது. முதல் சாட்சி ஒரு கோட்டு. ஆள் யார் என்று யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, துணியும் அதில் இருந்த காகிதமும் சொல்கின்றன. குலாபோ கவிதைகளை எடுத்துக்கொண்டு கோஷிடம் போகிறாள். உயிரோடிருந்த கவிஞனை எடுபிடி வேலைக்கு வைத்திருந்த அதே ஆள், செத்த கவிஞனை உடனே அச்சுக்கு அனுப்புகிறார். புத்தகம் பறக்கிறது. மருத்துவமனையில் சுயநினைவு இல்லாமல் கிடக்கும் விஜய், பக்கத்தில் நர்ஸ் ஒருத்தி தன் கவிதையையே படிப்பதைக் கேட்டு விழிக்கிறான். அது நான் எழுதியது, நான்தான் விஜய் என்கிறான். பைத்தியம் என்று குறிப்பெழுதிக்கொள்கிறார்கள். அடையாளம் காட்ட வந்த கோஷும் கூடவே இருந்த நண்பன் ஷ்யாமும் முகத்துக்கு நேராகப் பார்த்து, இவரை எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். விஜய் மனநலக் காப்பகத்துக்குப் போகிறான். அண்ணன்களும் கோஷிடம் பணம் வாங்கிக்கொண்டு தம்பியைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதை மிகைப்படுத்திய சினிமாச் சதி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தக் காலத்துச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் கோஷின் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்று புரியும். அப்போது நடைமுறையில் இருந்தது 1914-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். ஆசிரியரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆசிரியர் உயிரோடிருந்தால் பதிப்பாளர் அவரிடம் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்தாக வேண்டும். விஜய் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவன் கிடையாது. அவன் செத்துவிட்டால் உரிமை வாரிசுகளுக்குப் போகும். கல்யாணமாகவில்லை, பெற்றவர்களும் இல்லை, ஆகவே அண்ணன்கள்தான் வாரிசு. கவிதைக்கும் காய்ந்த சருகுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த இரண்டு பேரைச் சமாளிப்பது கோஷுக்கு எவ்வளவு சுலபம்! விஜய் உயிரோடு எழுந்து வந்தால் மொத்தக் கணக்கும் புரண்டுவிடும். ஆகவே கோஷ் காட்டும் குரூரத்துக்கு மனைவி மீதான சந்தேகம் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி சுத்தமான வியாபாரம்.

காப்பகமும் அப்படித்தான். 1912-ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. அதன்படி ஒருவரை உள்ளே அனுப்ப உறவினர் ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், இரண்டு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லைவிட அவனைச் சுற்றி இருப்பவர்களின் சொல்லுக்கு மதிப்பு அதிகமாக இருந்த ஏற்பாடு. திரைக்கதை எழுதிய குரு தத்தும் அப்ரார் ஆல்வியும் இந்தச் சட்டப் புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்து எழுதினார்களா என்பது முக்கியமில்லை. வெளியே நாலு பேர் ‘தெரியாது’ என்றால் உள்ளே இருப்பவன் சொல் செல்லாது என்ற நிலைமை அன்றைக்கு நிஜம்.

ஒரு சுவையான தற்செயல்: படம் வெளியானது 1957 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூனில்தான் புதிய காப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்டாலும்கூட ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. விஜய்க்கு மறுக்கப்பட்டது அச்சு அசலாக அதுதான்.

இனி இரண்டு மண்டபங்களுக்கு வருவோம். நிறைய பேர் நினைவில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கேள்வியில் உள்ள குழப்பத்துக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் மண்டபம், ‘காலமான’ கவிஞனுக்கு நடக்கும் நினைவு விழா. எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி அப்துல் சத்தாரின் (ஜானி வாக்கர்) உதவியால் காப்பகத்திலிருந்து தப்பிய விஜய் அங்கே வந்து சேர்கிறான். மேடையில் கோஷ் உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கிறார். விஜய் நிற்பது மேடையிலிருந்து மிகத் தொலைவில், கூட்டத்துக்குப் பின்னால், கதவு நிலையில். ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி இங்கே செய்ததைக் கவனித்துப் பாருங்கள். வெளிச்சம் முழுக்க விஜயின் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. முன்பக்கம், நிழலைத் தணிக்கும் நிரப்பு விளக்கு மிகக் குறைவு. அதனால் முகம் இருட்டாகவும், தலைமுடியின் ஓரமும் தோளின் விளிம்பும் மட்டும் ஒளிக்கோடாகவும் தெரிகின்றன. இரண்டு கைகளும் கதவு நிலையின் இரு பக்கமும் நீண்டிருக்கின்றன. சிலுவை ஞாபகம் வராமல் இருக்காது. அதற்கு முன்பே மீனாவின் கையில் சிலுவையில் அறைந்த ஏசு அட்டையில் இருக்கும் பத்திரிகை ஒன்றைக் காட்டியிருப்பார்கள். (எனக்கு அந்தப் பத்திரிகை அட்டை கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது. கதவு நிலையே போதும்.)

முகம் இருட்டில் இருப்பதற்கு அழகைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. கூட்டம் திரும்பிப் பார்க்கும்போது அவர்களுக்கு முதலில் கிடைப்பது குரல்தான், ஆள் யார் என்று தெரியாது. குரலையும் கவிதையையும் வைத்து அவனை அடையாளம் காண முடிகிறதா என்று படம் அந்தக் கூட்டத்தைச் சோதித்துப் பார்க்கிறது.

பாட்டின் கட்டுமானமும் இதற்கேற்ப இருக்கிறது. பின்னணிப் பாடகர் முகமது ரஃபி ஏறக்குறைய பேச்சுக் குரலில், முன்னிசை என்று எதுவும் இல்லாமல் ஆரம்பிக்கிறார். இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன் வாத்தியங்களை அடக்கியே வைத்திருக்கிறார். மாளிகையும் சிம்மாசனமும் நிறைந்த இந்த உலகம் கிடைத்தால்தான் என்ன என்று தணிந்து தொடங்குவது, மனிதன் பொம்மையாகிப்போன ஊர், சந்தையில் விலைபோகும் உடல்கள் என்று ஒவ்வொரு பத்தியாக ஏறி, கடைசியில் கொளுத்துங்கள் இதை என்று உச்ச சுருதியில் வெடிக்கிறது. பாடலாசிரியர் சாஹிர் லூதியான்வி அதற்குப் பிறகும் ஒரு வரி வைத்திருக்கிறார்: இந்த உலகம் உங்களுடையது, நீங்களே வைத்துக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில். கொளுத்தச் சொல்லும் வரி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இந்தக் கடைசி வரி பலருக்கு நழுவிவிடுகிறது. விஜய் முதல் மண்டபத்திலேயே உலகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இரண்டாவது மண்டபத்தில் அவன் புதிதாக எதையும் துறக்கவில்லை.

முதல் மண்டபம் கலவரத்தில் முடிகிறது. விளக்கு அணைகிறது, நெரிசலில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் மிதிக்கிறார்கள். விஜய் உயிரோடு இருக்கிறான் என்பது ஊருக்குத் தெரிந்துபோகிறது. சந்தை நிலவரம் தலைகீழாகிறது. ஷ்யாமும் அண்ணன்களும் கோஷுக்குப் போட்டியான இன்னொரு பதிப்பாளர் பக்கம் தாவி, அங்கே கூடுதல் பணத்துக்குப் பேரம் முடித்து, ‘ஆமாம், இவன்தான் எங்கள் விஜய்’ என்கிறார்கள். தெரியாது என்று சொன்ன அதே வாய், தெரியும் என்று சொல்வதற்கும் காசு வாங்குகிறது.

இரண்டாவது மண்டபம் இந்தப் பேரத்தின் விளைவு. உயிரோடு இருக்கும் கவிஞனுக்குப் பாராட்டு விழா. இப்போது விஜய் மேடையில் நிற்கிறான், வெளிச்சம் முகத்தில் விழுகிறது, யாருக்கும் சந்தேகமில்லை. ‘மேடையைப் பயன்படுத்தியிருக்கலாமே’ என்ற கேள்வி இந்தக் கட்டத்தைப் பற்றியதுதான். ஆனால் அந்த மேடை யாருடையது? அவனை அங்கே ஏற்றியிருப்பது ஷ்யாமும் அண்ணன்களும் விற்ற சாட்சி. அவன் மைக்கைப் பிடித்து அநீதியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் கணத்தில், பேசுகிறவன் விஜய்தான் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அத்தோடு அண்ணன்கள் உண்மை பேசியவர்களாகிறார்கள், புதிய பதிப்பாளர் கவிஞரைக் காப்பாற்றிய புண்ணியவானாகிறார், கோஷுக்கு வந்தது வெறும் தொழில் நஷ்டமாகிறது. அநியாயத்தைத் திட்டி அவன் எழுதும் அடுத்த கவிதையும் அதே கடையில் அதே விலைக்கு விற்கும். முதல் மண்டபத்தில் அவன் பாடியதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவது மண்டபத்துக்கு மாலையோடு வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாபத்தையே ரசித்துக் கைதட்டும் கூட்டத்திடம் சாபம் எடுபடாது.

அவன் மறுத்ததும் கூட்டம் என்ன செய்கிறது என்பதுதான் இதற்கு நிரூபணம். ஒரு நிமிடம் முன்னால் ‘வாழ்க’ என்றவர்கள் அடிக்கப் பாய்கிறார்கள். நிற்பது அதே ஆள், அதே கவிதைகளை எழுதியவன். பெயர் மட்டும் கழன்றுவிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர்தான் என்று தெரிந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்பவர்கள் இருவர். ஒருவர் சத்தார், கூலி எதுவும் பேசாமல் உதவுகிறவர். இன்னொருவர் குலாபோ. முகம் தெரிவதற்கு முன்பே, பெயர் ஊருக்குத் தெரிவதற்கு முன்பே, எடைக்குப் போன காகிதத்தில் இருந்த வரிகளை வைத்து விஜயை அறிந்தவள் அவள். அவர்கள் முதல் சந்திப்பே ஒரு தவறான அடையாளத்தில்தான் நடக்கிறது. ஆள் பிடிப்பதற்காக அவள் அவனுடைய வரியையே பாடிக்கொண்டு போகிறாள், அவன் அது தன் கவிதை என்பதால் பின்னாலேயே போகிறான். வாடிக்கையாளர் என்று நினைத்து வீடு வரை அழைத்துப் போனவள், கையில் காசில்லை என்றதும் துரத்திவிடுகிறாள். பிறகுதான் கவிதை எழுதியவன் அவனே என்று அவளுக்குப் புரிகிறது. படத்தில் எல்லோரும் ஆளைத் தெரிந்துகொண்டே தெரியாது என்கிறார்கள், இவள் ஒருத்திதான் தெரியாமல் துரத்தி, தெரிந்ததும் வருந்துகிறாள்.

அவளுக்கும் ஓர் அடையாளம் ஒரு தடவை கொடுக்கப்படுகிறது. போலீஸ்காரர் துரத்திவரும்போது விஜய், இவள் என் மனைவி என்று சொல்லி அனுப்பிவைக்கிறான். படத்தில் யாரும் காசு வாங்காமல் சொல்லும் ஒரே பொய் அதுதான். அதைத் தொடர்ந்து வரும் பாட்டு, தெருவில் பாடகி ஒருத்தி பாடும் வங்காளக் கீர்த்தனை நடையில் அமைந்தது, குரல் கீதா தத். விஜய் மொட்டை மாடியில் நிற்கிறான், குலாபோ படியேறிப் பின்னால் வருகிறாள், அவன் முதுகை நெருங்குகிறாள், தோளில் சாயப் போகிறாள், தொடாமலேயே திரும்பிவிடுகிறாள். ராதை கண்ணனை அழைக்கும் பாட்டு முழுக்கப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, அவனுக்கு அவள் வந்ததே தெரியாது. வஹீதா ரஹ்மானுக்கு அப்போது 19 வயதுகூட நிறையவில்லை. செங்கல்பட்டில் பிறந்தவர், ‘காலம் மாறிப்போச்சு’ போன்ற தென்னிந்தியப் படங்களில் நடனம் ஆடிவிட்டுப் பம்பாய் போனவர். வசனமே இல்லாத அந்த மூன்று நான்கு நிமிடங்களில் அவர் நடையையும் மூச்சையும் மட்டும் வைத்துச் செய்திருப்பதை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள், புரியும்.

‘அநியாயத்தை எதிர்த்து நிற்கவில்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. விஜய் எதிர்த்து நிற்பது கடைசிக் காட்சியில் இல்லை, நடுவில். நண்பன் கூட்டிப்போகும் இடத்தில் ஒரு பெண் ஆடுகிறாள், உள்ளே அவளுடைய குழந்தை அழுகிறது, வந்திருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்த விடமாட்டேன் என்கிறார்கள். விஜய் எழுந்து வெளியே வந்து, போதையில், சிவப்பு விளக்குத் தெரு வழியே நடந்துகொண்டே பாடுகிறான். அந்தப் பாட்டு சாஹிர் சுதந்திரத்துக்கு முன்பே எழுதிய கவிதை, அவருடைய ‘தல்கியான்’ தொகுப்பில் இருக்கிறது. மூலத்தில் பல்லவி வரி கனமான உருது, கீழைத் தேசத்தின் புனிதத்தைப் பாடுகிறவர்கள் எங்கே என்று கேட்கும். படத்துக்காக அதை எளிமையாக்கி, இந்த நாட்டைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்கள் எங்கே என்று மாற்றினார். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் குறி மாறிவிட்டது. அடிமை நாட்டில் பொதுவாகச் சமுதாயத்தைக் கேட்ட கேள்வி, விடுதலைக்குப் பத்தாவது ஆண்டில் ஆள்பவர்களையும் சேர்த்துக் கேட்கும் கேள்வியாகிவிட்டது. அந்தக் காட்சியில் விஜயை யாரும் அழைக்கவில்லை, மேடை இல்லை, மைக் இல்லை, கேட்பவர்கள் என்று யாரும் இல்லை. எதிர்ப்பு அப்படி இருக்கும்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்று குரு தத் நினைத்தார் போலும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் படம் தன் தர்க்கத்துக்கு நேர்மையாக இருக்கிறது.

அதே சாஹிர், அதே 1957-ல், ‘நயா தௌர்’ படத்துக்குத் தொழிலாளர்கள் கைகோத்து வேலை செய்யும் பாட்டையும் எழுதினார். நம்பிக்கை வற்றிப்போன ஆள் எழுதியது ‘பியாசா’ என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பாத்திரத்துக்கு என்ன வேண்டுமோ அதை எழுதத் தெரிந்த பேனா அது. பர்மனுக்கும் சாஹிருக்கும் இதுதான் சேர்ந்து வேலை செய்த கடைசிப் படம். பாட்டு ஜெயித்ததற்குப் பெருமை மெட்டுக்கா வரிக்கா என்று இருவருக்கும் கசப்பு. புகழ் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வியை வைத்து எடுத்த படம், எடுத்தவர்களையே அந்தக் கேள்வியால் பிரித்துவிட்டது.

விருந்துக் காட்சியைச் சொல்லாமல் விட்டால் பதில் குறைபடும். கோஷ் வீட்டில் கவிஞர்கள் கூடியிருக்கிறார்கள், விஜய் தட்டு ஏந்திப் பரிமாறிக்கொண்டிருக்கிறான். அப்படியே நின்று பாட ஆரம்பிக்கிறான். இங்கே மட்டும் விஜய்க்குக் குரல் ரஃபி இல்லை, ஹேமந்த் குமார். ஒரே நடிகருக்கு இரண்டு குரல் கொடுப்பது வணிகப் படத்தில் ஆபத்தான வேலை, ரசிகனுக்கு உறுத்தும். பர்மன் துணிந்து செய்திருக்கிறார். காதல் கிடைக்காத தனிமனிதனின் வலிக்கு ஹேமந்தின் தாழ்ந்த, ஈரம் கோத்த குரல். ஊரைப் பார்த்துக் கேட்கும் கோபத்துக்கு ரஃபி. இந்தப் பாட்டிலும் விஜய் புத்தக அலமாரியில் இரண்டு கைகளையும் விரித்துச் சாய்ந்து நிற்கிறான். பிறகு கதவு நிலையில் வரப்போகும் அதே உருவம். பாட்டின்போது கோஷ் பாடுகிறவனைப் பார்ப்பதைவிட மீனாவின் கண்களைத்தான் அதிகம் பார்க்கிறார். மூன்று முகங்கள் மாறி மாறி வரும் அண்மைக் காட்சிகளில் ஒரு வசனம்கூட இல்லாமல் கதை நகர்ந்துவிடுகிறது. குரு தத்துக்கு அண்மைக் காட்சிக்கு 75 மி.மீ., 100 மி.மீ. போன்ற நீள லென்ஸ்கள் பிடிக்கும். முகம் மட்டும் கூர்மையாக நின்று பின்னணி கரைந்துபோவது அதனால்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்ல வேண்டும். விஜய் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? கோஷ் புத்தகத்தைத் தொடர்ந்து விற்பார். அண்ணன்கள் ஏதாவது ஒரு பங்கு வாங்குவார்கள். சிவப்பு விளக்குத் தெருவில் அந்தக் குழந்தை இன்னமும் அழும். ஒரு பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போனதால் மற்றவர்களுக்கு என்ன? இதற்குப் படத்தில் பதில் இல்லை. மீனா, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கும்போது விஜய் சொல்வது இதுதான்: எனக்கு எந்தத் தனிமனிதர் மீதும் புகார் இல்லை, சகோதரனை அந்நியனாக்கி, நண்பனைப் பகையாளியாக்கி, செத்தவனைப் பூஜித்து உயிரோடு இருப்பவனை மிதிக்கும் இந்த அமைப்பின் மீதுதான் புகார். அமைப்பின் மீது புகார் என்றால் வழக்கு நடத்த ஆள் வேண்டாமா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். மனசாட்சியைக் காப்பாற்றிக்கொள்வதும் அநீதியைத் தோற்கடிப்பதும் இரண்டு தனி வேலைகள். விஜய் முதலாவதை மட்டும்தான் செய்கிறான். படம் அவன் இரண்டாவதையும் செய்துவிட்டான் என்று பொய் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் கர்ஜித்து, வில்லனைச் சங்கிலி போட்டு இழுத்துப்போக வைக்கும் பிற்கால இந்திப் படங்களைவிட இது எனக்கு மதிப்பாகப் படுவது இந்த இடத்தில்தான்.

பலவீனங்களும் உண்டு. மீனாவோடு வரும் பனிமூட்டக் கனவுப் பாட்டு, படம் ரொம்பக் கனமாக இருக்கிறது என்று விநியோகஸ்தர்கள் நெருக்கியதால் சேர்த்தது என்பார்கள். அது ஒட்டவில்லை. ஆள் மாறாட்டத்துக்கு ரயில் விபத்து வசதியான தற்செயல். அண்ணன்கள் இருவரும் (ஒருவர் மெஹ்மூத்) கேலிச்சித்திர அளவில் நின்றுவிடுகிறார்கள். மீனாவுக்கு மட்டும் ஆல்வியின் வசனங்கள் நியாயம் செய்கின்றன. வறுமைக்குப் பயந்து முடிவெடுத்தவளின் பக்கத்தைப் படம் கேட்காமல் விடவில்லை.

இதையெல்லாம் சரிபார்க்க மறுபடி பார்ப்பதானால் சில நடைமுறை யோசனைகள். படத்தின் நீளம் ஏறக்குறைய 146 நிமிடம். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் பாட்டுகளையோ, தொடக்கத்தில் தோட்டத்தில் விஜய் படுத்துக்கொண்டு பூவில் மொய்க்கும் வண்டைப் பார்க்கும் காட்சியையோ வெட்டியிருப்பார்கள். அந்த வண்டு ஒரு பூட்ஸ் காலுக்கு அடியில் நசுங்குவதைப் பார்க்காமல் உள்ளே போனால் படத்தின் முதல் வாக்கியத்தைத் தவறவிட்டதாகும். அடுத்தது படச்சட்டம். இது ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் பழைய 1.37 அளவில் (அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு) எடுத்தது. அகலத் திரைக்காக இழுத்த பிரதியில் முகங்கள் பருத்துத் தெரியும், மேலும் கீழும் வெட்டிய பிரதியில் கதவு நிலைக் காட்சியின் உயரமே போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் அதுதான் சரியான பிரதி. 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் காட்டிய, புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள், மூர்த்தியின் கறுப்பு அதில்தான் கறுப்பாக இருக்கிறது. துணை வசனங்களில் கவிதைகளைப் பெரும்பாலும் பாதி விழுங்கிவிடுகிறார்கள். சிவப்பு விளக்குத் தெருப் பாட்டையும் மண்டபப் பாட்டையும் முன்கூட்டியே ஒரு நல்ல மொழிபெயர்ப்பில் வரி வரியாகப் படித்துவிட்டு உட்காருங்கள். பிறகு இரண்டு மண்டபக் காட்சிகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, வெளிச்சம் விஜயின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் பாருங்கள்.